தூண்டிலில் கோத்த நாயகர்கள்

மார்வல் காமிக்ஸ் 1991இல் வெளியிட்ட ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரின் நான்காவது இதழை இந்த வருடம் மட்டும் மூன்று முறை வாசித்துவிட்டேன். ஆறு இதழ்கள் கொண்ட சின்னத் தொடர்தான். ஜிம் ஸ்டார்லின் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரையத் தொடங்கி, ரான் லிம் வரைந்து முடித்தது. நம்மில் பலருக்கு இந்தக் கதை சினிமா வழியாகத்தான் அறிமுகம். 2019இல் வந்த ‘எண்ட்கேம்’ படத்தின் தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார் என்று இணையத்தில் அடித்துக்கொண்டோமே, அந்தக் கதையின் வேர் இது. ஆனால் சினிமாவை மனதில் வைத்துக்கொண்டு இந்த இதழைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே கடைசி நேரத்தில் வானம் திறந்து யாரும் வருவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் சாகிறார்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானோஸின் இடது கைக் கவசத்தில் ஆறு மணிகள். அவற்றால் காலம், வெளி, மனம் எல்லாம் அவன் வசம். முதல் இதழிலேயே ஒரு சொடக்கில் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களைக் காணாமல் ஆக்கிவிடுகிறான். சினிமா இதற்கு மக்கள்தொகை, வளப் பற்றாக்குறை என்று ஒரு பொருளாதாரக் காரணம் கண்டுபிடித்தது. காமிக்ஸில் காரணம் காதல். மரணம் என்பவள் அங்கே ஒரு பெண். அவள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அவளோ வாயைத் திறப்பதே இல்லை. எனக்கு சினிமாத் தானோஸைவிட இந்தத் தானோஸைத்தான் பிடிக்கும். ஒருதலைக் காதலில் பைத்தியமானவனை நாம் தெருவில் பார்த்திருக்கிறோம். பொருளாதாரம் பேசிக் கொலை செய்பவன் அவனைவிட ஆபத்தானவன், ஆனால் சுவாரசியம் குறைந்தவன்.

நான்காவது இதழில் மிச்சமிருக்கும் நாயகர்கள் திரண்டு போய் அவனைத் தாக்குகிறார்கள். இதழ் முழுக்க அந்த ஒரே சண்டை. சண்டைக்கு முன்னால், மெஃபிஸ்டோவின் பேச்சைக் கேட்டு, எல்லாம் அறியும் தன்மையைத் தானோஸே விலக்கி வைக்கிறான். எதிரிகளுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கொடுத்து ஜெயித்தால்தானே அவள் மெச்சுவாள்! அப்படி விலக்கி வைத்தும் அவர்களால் ஒன்றும் ஆகவில்லை. வால்வரினின் உடையாத உலோக எலும்புகளை ரப்பர் மாதிரி தொளதொளக்க வைத்துவிடுகிறான். சைக்ளோப்ஸின் தலையைச் சுற்றி ஒரு கட்டி உருவாகி மூச்சை அடைக்கிறது. நோவா சின்னச் சின்னக் கட்டைகளாக உதிர்கிறான். தோர் கண்ணாடியாகி நொறுங்குகிறான். ஸ்பைடர்மேனைக் கொல்வது தானோஸ்கூட இல்லை, அவன் தனக்குத் துணையாகப் படைத்துக்கொண்ட டெராக்ஸியா. ஒரு கல்லால் அடித்துக் கொல்கிறாள். அவ்வளவுதான். சிறுவயதில் சுவரில் ஒட்டிவைத்திருந்த ஒருவன் கல்லடி பட்டுச் சாவதை ஒரு கட்டத்துக்குள் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும்.

பெரெஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் மறைந்த அவரைக் கூட்டம் வரைவதில் மன்னன் என்பார்கள். ஐம்பது பேர் நிற்கும் சட்டகத்திலும் ஐம்பதாவது ஆளுக்கு முகம் இருக்கும், அந்த முகத்தில் அவனுக்கே உரிய ஒரு கவலை இருக்கும். இந்த இதழின் நடுவில் அவர் விலகிக்கொள்ள, மிச்சத்தை லிம் வரைந்தார். லிம்மின் கோடுகள் சுத்தமானவை, உடல்கள் பெரியவை, கூட்டம் குறைந்துவிடும். ரசிகர்கள் இதை இன்றைக்கும் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முகங்களைப் பழக்கிவிட்டவர் போய்விடுகிறார், அதன்பிறகு உடல்கள் விழுகின்றன. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இப்படியொரு கூட்டச் சண்டை கொஞ்சம் அந்நியம்தான். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984இல் லயன் வந்தது. இரண்டுமே சிவகாசி. மாயாவி, ஸ்பைடர், மாடஸ்டி என்று நாம் நேசித்தவர்களில் பெரும்பாலானோர் தனியாட்கள். மாயாவி மின்சாரத்தில் கையை வைப்பார், உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும், வில்லன் காலி. இருபது பேர் சேர்ந்து போய் இருபது பேரும் தோற்பது என்பதற்கு நாம் காமிக்ஸ் அலமாரியில் தேடக்கூடாது. இராமாயண அலமாரிக்குப் போக வேண்டும்.

போகத்தான் போகிறேன். ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல் யுத்த காண்டத்துக்கு இல்லை. கும்பகருணன் மேல் வானர வீரர்கள் வரிசையாக மோதி விழுவது மேலோட்டமாக இந்த இதழைப் போலவே இருக்கும், உண்மைதான். ஆனால் இதழின் உள்கட்டமைப்பு வேறொரு சண்டையுடையது. அது கிட்கிந்தையில் நடந்தது.

காரணம் இதுதான். நாயகர்கள் அங்கே ஜெயிக்க அனுப்பப்படவில்லை. ஆடம் வார்லாக் என்பவன்தான் படையைச் சேர்த்தவன், கேப்டன் அமெரிக்காவைக் களத் தலைவனாக்கியவன். அவன் சண்டைக்கு வருவதில்லை. சில்வர் சர்ஃபரோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். தானோஸின் கவனம் முழுக்க வேறெங்கோ குவியும் அந்த ஒரு நொடியில் சர்ஃபர் மின்னலாகப் பாய்ந்து கவசத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். திட்டம் இவ்வளவே. அதுவரை விழும் உடல்கள் எல்லாம் அந்த நொடியைத் தயாரிப்பதற்கான செலவு.

இப்போது சுக்கிரீவனை நினைத்துப் பாருங்கள். ஒருவன் எதிரில் போய்ச் சண்டைக்கு அழைக்கிறான், அடி வாங்குகிறான். இன்னொருவன் மறைவில் நின்று தருணம் பார்க்கிறான். எதிரில் போனவனால் ஜெயிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

என் சொந்த ஊர் வாலிநோக்கம். ராமநாதபுரம் மாவட்டம், மன்னார் வளைகுடாக் கரை. சென்னையில் ஊர்ப் பெயரைச் சொன்னால், “வாலி எங்கே நின்னு எதைப் பார்த்தான்?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கரையே அப்படித்தான். சேதுக்கரை, திருப்புல்லாணி, தனுஷ்கோடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ராமன் பெயர்தான். அதில் தோற்றவன் பெயரை நினைவுபடுத்துகிற ஊர் எங்களுடையது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. வெளியாட்களுக்கு ஊரில் காட்ட உப்பளமும், ஒருகாலத்தில் பழைய கப்பல்களைக் கரையேற்றி உடைத்த இடமும், பள்ளிவாசலும், கடலும்தான் இருக்கின்றன.

கடலில் தூண்டில் போடும்போது என் பெரியப்பா செத்த மீனை இரையாகக் கோக்கவே மாட்டார். “உசுரோட துடிக்கிற இரைக்குத்தான்டா பெருசு வரும்” என்பார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். வார்லாக்கின் திட்டத்தை முதல்முறை வாசித்தபோது இந்த வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது. இரை துடிக்க வேண்டும். உண்மையாகவே ஜெயிக்க நினைத்து மோத வேண்டும். நடிக்கிற இரையைத் தானோஸ் கண்டுபிடித்துவிடுவான்.

பொறியாளன் புத்தி எனக்கு. வரம் என்ற சொல்லைக் கேட்டால் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்றுதான் காதில் விழும். இரணியன் பகலும் வேண்டாம் இரவும் வேண்டாம், உள்ளும் வேண்டாம் வெளியும் வேண்டாம் என்று நீளமாக எழுதி வாங்கினான். அந்திப்பொழுதையும் வாசற்படியையும் விட்டுவிட்டான். இராவணன் மனிதர்களைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, அற்பம் என்று விட்டுவிட்டான். புராணத்தில் பெரிய வில்லன்கள் எல்லோரும் இப்படி ஒரு விளிம்பு நிலையைக் கவனிக்காமல் விட்டுச் செத்தவர்களே. வாலியின் வரம் இவற்றைவிடக் கச்சிதமானது. எதிரே வருபவனின் வலிமையில் பாதி அவனுக்கு வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் பாதியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியோடுதான் மோத வேண்டும். நூறு பேர் போனால் நூறு பாதிகள். கூட்டம் கூடக்கூட வாலி வளர்வான். ஒற்றுமையே பலம் என்ற பள்ளிக்கூடப் பாடம் எடுபடாத ஒரே எதிரி அவன். அந்த வரத்தில் இருக்கும் ஒரே ஓட்டை ‘எதிரே’ என்ற சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் நின்றான் இராமன்.

தானோஸின் கவசமும் இதே வகை. நேரே நின்று யாராலும் முடியாது, எத்தனை பேர் சேர்ந்தாலும் முடியாது. ஆகவே ஸ்டார்லினும் அதே தீர்வுக்குத்தான் வந்து சேர்கிறார்: முன்னால் ஓர் ஆள், மறைவில் இன்னோர் ஆள். அவர் வாலி வதத்தைப் படித்தாரா என்று ஆராய எனக்கு ஆர்வமில்லை. நேரடியாக வெல்ல முடியாதவனைப் பற்றிக் கதை எழுதும் எவரும் சீக்கிரமோ தாமதமாகவோ அந்த மரத்தின் பின்னால் போய் நிற்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எழுத்தாளர்களுக்குள் வித்தியாசம்.

கம்பன் என்ன செய்கிறான் பாருங்கள். முதல் சண்டையில் இராமன் அம்பு விடவே இல்லை. சுக்கிரீவன் குருதி ஒழுகத் திரும்பி வந்து, ஏன் விடவில்லை என்று கேட்கிறான். இருவரும் ஒரே மாதிரி இருந்தீர்கள், வேறுபாடு தெரியவில்லை, கொடிப்பூ அணிந்துகொண்டு மறுபடி போ என்கிறான் இராமன். வால்மீகியிலும் இது உண்டு. கதைக்கு இந்தத் தாமதம் தேவையே இல்லை. முதல் தடவையே மாலையைப் போட்டு அனுப்பியிருந்தால் அரைப் படலம் மிச்சம். ஆனால் இரையாகப் போனவன் உயிரோடு திரும்பி வந்து, போகச் சொன்னவன் முகத்துக்கு நேரே நின்று கேட்க ஓர் இடம் அமைந்துவிடுகிறது. கேட்டுவிட்டு, தெரிந்தே மறுபடி போகிறான். இரண்டாவது தடவை போகும் சுக்கிரீவன் இரை இல்லை, கூட்டாளி.

அடுத்து வாலி. அம்பு மார்பில் பாய்ந்ததும் செத்துவிடுவதில்லை. அதைக் கையால் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். இராமன் என்று இருக்கிறது. கம்பராமாயணத்தில் எனக்குப் பிடித்த பத்து இடங்களைச் சொல்லச் சொன்னால் இது கண்டிப்பாக இருக்கும். மறைந்து நின்று எய்தவன் அம்பில் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறான்! எங்கள் தொழிலில் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும். உடல் மறைந்திருக்கலாம், பெயர் மறைந்திருக்கக் கூடாது என்பது அந்த அம்பின் ஒழுங்கு. பெயர் தெரிந்ததால்தான் வாலியால் பேச முடிகிறது. பேசித் தீர்க்கிறான். அரச குலத்தில் பிறந்தவன் செய்கிற வேலையா இது, எனக்கும் உனக்கும் என்ன பகை, எங்கள் குலத்தில் உங்கள் மண விதிகள் ஏது என்று அடுக்குகிறான். இராமன் பதில் சொல்கிறான். மறைந்து நின்று ஏன் எய்தான் என்ற கேள்விக்கு மட்டும் இலக்குவன் பதில் சொல்கிறான்: உன் தம்பி முன்பே சரண் அடைந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் சரண் என்று விழுந்துவிடுவாய், அதனால்தான். முதலில் வந்த டிக்கெட்டுக்கு முன்னுரிமை! நான் படித்த விளக்கங்களிலேயே மிகவும் அலுவலகத்தனமான விளக்கம். வாலி கடைசியில் மனம் மாறி இராமனைப் போற்றுகிறான், அது கம்பனின் பக்தி. நம் மரபோ வாலியின் கேள்விகளைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறது. கம்பன் கழகங்களின் பட்டிமன்ற மேடைகளில் இந்த வழக்கு திரும்பத் திரும்ப விசாரணைக்கு வந்துகொண்டே இருக்கிறது. காரைக்குடிக் கழகம் தொடங்கியது 1939இல். கொல்லப்பட்டவனுக்காக வாதாட இன்றைக்கும் ஒரு அணி கிடைத்துவிடுகிறது.

ஸ்டார்லினின் இதழில் விழுந்தவர்கள் யாருக்கும் இப்படி ஓர் அம்பு கிடைக்கவில்லை. கண்ணாடியாய் உடையும் தோருக்கு, தன்னை உடைத்தது தானோஸ் என்று மட்டும் தெரியும். அங்கே நிறுத்தியது யார் என்று தெரியாது. இது எனக்கு வெறும் காமிக்ஸ் விவகாரம் இல்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆறு பேர் மூன்று இரவுகள் தூங்காமல் வாடிக்கையாளரோடு அழைப்பில் இருந்தோம். ஒவ்வொரு பிழையாக விளக்கினோம், திட்டு வாங்கினோம், திருத்தினோம். அந்த அறைக்குப் பெயரே ‘வார் ரூம்’. அந்த வேலையை வேறொரு குழுவுக்கு மாற்றுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. காகிதங்கள் தயாராகும்வரை வாடிக்கையாளரைப் பேச்சில் வைத்திருக்கவே எங்களை உட்கார வைத்திருந்தார்கள். சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை. துடிக்கிற இரை வேண்டுமே.

இதழுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அதன் கடைசிப் பக்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் விழுந்தபின் கேப்டன் அமெரிக்கா மட்டும் நிற்கிறார். பறக்கத் தெரியாது, மந்திரம் தெரியாது, கையில் ஒரு கேடயம். நடந்து போய்த் தானோஸின் முன்னால் நிற்கிறார். ஒருவன் எதிர்த்து நிற்கும்வரை உனக்கு முழு வெற்றி கிடையாது என்கிற பொருளில் சொல்கிறார். தானோஸின் அடியில் கேடயம் சில்லுச் சில்லாகிறது. வார்லாக் காத்திருந்த தருணம் இதுதான். தானோஸின் முழுக் கவனமும் அந்த ஒற்றை மனிதன் மேல் இருக்கிறது. சர்ஃபர் பாய்ந்து வருகிறார். விரல்கள் கவசத்தைப் பிடிக்காமல் கடந்துபோகின்றன.

தவறிவிட்டது. அவ்வளவு பேரும் செத்தது ஒரு தவறிய பாய்ச்சலுக்காக. இதை எழுதத் துணிச்சல் வேண்டும். கூட்டச் சண்டைக் கதைகள் எல்லாம், ‘எண்ட்கேம்’ உட்பட, நாமெல்லாம் சேர்ந்தால் முடியும் என்று முடிபவை. தியேட்டரில் விசில் அடிக்க அது வேண்டும்தான், நானும் அடித்தேன். ஸ்டார்லினோ சேர்ந்தும் முடியவில்லை, தந்திரமும் பலிக்கவில்லை என்கிறார். போரைப் பற்றிச் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேப்டன் அந்த ஒரு பக்கத்தில் இரையாக இருக்க மறுத்துவிடுகிறார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஜெயிப்போம் என்று நினைத்து அவர் போகவில்லை. தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்து போகிறார். தெரிந்து போகிறவனை எந்தத் தூண்டிலிலும் கோக்க முடியாது. கொடிப்பூ அணிந்து இரண்டாவது முறை நடந்த சுக்கிரீவனுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தலாம்.

ஆனால் ஸ்டார்லின் நான்காவது இதழோடு நிறுத்தவில்லை. ஐந்தாவதில் கவசம் நெபுலாவின் கைக்குப் போகிறது. ஆறாவதில் அவள் ஒரு நாள் நடந்ததையெல்லாம் அழித்துவிட, எல்லோரும் பழையபடி உயிரோடு நிற்கிறார்கள். ரோல்பேக். உற்பத்தித் தளத்தில் பிழை வந்தால் நேற்றைய பிரதிக்குத் திரும்பிப் போய்விடுவது மாதிரி. தானோஸ் ஒரு கிரகத்தில் விவசாயி ஆகிவிடுகிறான், கவசம் வார்லாக்கிடம் வருகிறது. செத்தவர்கள் திரும்பிவிட்டதால் அவர்களை அனுப்பியவனிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தொடர் நினைத்துக்கொள்கிறது. எனக்கு இதில்தான் கோபம். உயிர் திரும்பி வந்தது சரி, கேள்வி எங்கே போயிற்று? 1992இல் வந்த அடுத்த தொடரில் வார்லாக்கை ஒரு நீதிமன்றத்திலேயே நிறுத்துகிறார் ஸ்டார்லின். நீதிபதி லிவிங் ட்ரிப்யூனல். ஆகா, கேட்கப்போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு சக்தி ஓர் ஆளிடம் இருக்கலாமா என்பதுதான் அங்கே வழக்கு. கூடாது, ஆறு மணிகளையும் பிரித்துக் கொடு என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். நோவாவின் பெயரோ சைக்ளோப்ஸின் பெயரோ அந்த வழக்கில் இல்லை.

கிட்கிந்தையில் ரோல்பேக் கிடையாது. வாலி செத்தது செத்ததுதான். மகன் அங்கதனைக் கொன்றவன் கையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அங்கதன் அந்தப் படையிலேயே வளர்ந்து, இலங்கைக்குத் தூது போகிறான். அங்கே இராவணன், நீ யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் விடவில்லை. உன் தகப்பனைக் கொன்றவன் பின்னால் நடக்கிறாயே, என் பக்கம் வா, வானரங்களுக்கு உன்னை அரசனாக்குகிறேன் என்கிறான். மொத்தக் காவியத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க வாய்ப்பிருந்தவர்களில் மிக மோசமான ஆளிடமிருந்து அது வருகிறது. அங்கதன் சிரிக்கிறான். நான் வாசிக்கும்போது சிரிப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு நொடி கொடுப்பேன். கம்பனில் அந்த நொடி இல்லை.